மண் யாருக்குச் சொந்தம்?

 

எகிப்தின் கீஸா நகரில் உள்ள மாபெரும் பிரமிடைப் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பு கூஃபு என்ற மன்னனுக்காகக் கட்டப்பட்ட கல்லறை அது. சுமார் 23 இலட்சம் கற்களால் 146 மீட்டர் உயரத்திற்கு எழுப்பினார்கள். இறந்த பின்பும் மன்னனாகவே வாழலாம் என்பது அவர்களின் நம்பிக்கை. இன்றோ அதன் உள்ளறையில் மூடியற்ற ஒரு கல்பேழை வெறுமையாய்க் கிடக்கிறது.

அந்தக் கற்களைச் சற்று உற்று நோக்குங்கள். அவற்றில் பெரும்பாலானவை சுண்ணாம்புக் கற்கள். அவற்றினுள் காசுகளைப் போன்ற வட்டமான ஓடுகள் பதிந்துள்ளன. கட்டடப் பணியாளர்கள் உண்டு மிஞ்சிய பருப்பே இவ்வாறு கல்லாகிவிட்டது என்று அப்பகுதி மக்கள் கூறியதாகக் கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு எழுதி வைத்தார். உண்மையில் அவை 'நம்முலைட்' எனும் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள். 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்நிலம் கடலாக இருந்தது. கடலடியில் மடிந்த எண்ணற்ற உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிப் பாறையாயின. நிலைத்திருக்க ஆசைப்பட்டவனின் கல்லறை, அழிந்துபோனவற்றின் எச்சங்களாலேயே கட்டப்பட்டது!

கெய்ரோவுக்குத் தென்மேற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், பாலைவன மணலில் திமிங்கில எலும்புகள் வரிசையாய்க் கிடக்கின்றன. அவ்விடத்தின் பெயர் 'வாதி அல்ஹீத்தான்'. யூனுஸ் (அலை) அவர்களை விழுங்கிய மீனைத் திருமறை 'ஹூத்' என்கிறதல்லவா? அதன் பன்மையே 'ஹீத்தான்'. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கடலே இடம் பெயர்ந்துவிட்ட பூமியில் மனிதன் எம்மாத்திரம்? அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 26, 27ஆம் வசனங்களை ஓதும்போதெல்லாம் இதைச் சிந்தியுங்கள்.

அன்பர்களே! எகிப்து வரை செல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுத் தாய்ப்பத்திரத்தை எடுத்துப் புரட்டுங்கள். அதில் எத்தனை பெயர்கள்! ஒவ்வொருவரும் "இது என்னுடையது" என்று சொன்னவர்கள்தாம். அவர்களில் பலர் இன்று மண்ணுக்கு மேல் இல்லை. மண்ணுக்குக் கீழே இருக்கிறார்கள்.

அந்த மண்ணுக்காகத்தான் ஒரு சாண் வரப்பை நகர்த்துகிறோம். உடன்பிறந்தவரின் வாசற்படியை மிதிக்க மறுக்கிறோம். "திருமணத்தில் நகை போட்டாயிற்றே" என்று சொல்லி, மார்க்கம் வழங்கிய பங்கைச் சகோதரிக்குத் தர மறுக்கிறோம். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவனின் கழுத்தில், மறுமையில் ஏழு பூமிகள் வளையமாக மாட்டப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. கடல்களைச் சுமந்த பூமியை நம் கழுத்து தாங்குமா?

ஆகவே, தர வேண்டிய பங்கு எவருக்கேனும் இருந்தால், அடுத்த ஜுமுஆவுக்கு முன் கொடுத்துவிடுங்கள். பத்திரத்தில் நம் பெயர் இருப்பது சில காலமே. அதற்குள் கணக்கை நேர் செய்துகொள்ள வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.