600 டாலரில் ஒரு வேட்டை வில்

"அண்ணே, கையில 600 டாலர்தான் இருக்கு. அதுக்குள்ள மான் வேட்டைக்கு ஒரு வில் வாங்கணும்."

பென்சில்வேனியாவில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் தம்பி ஒருவர், ஆகஸ்டு மாதச் சனிக்கிழமை ஒன்றில் வந்து இப்படிக் கேட்டார். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே வெள்ளைவால் மானை, குறித்த பருவத்தில், மாநில அரசிடம் உரிமம் வாங்கி வேட்டையாடலாம். முதல்முறை உரிமம் எடுப்பவர் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். வில்லுக்குத் தனி உரிமம் உண்டு. தம்பி இரண்டையும் முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

நான் அவருக்குச் சொன்னது காம்பவுண்டு வில். அது என்ன? மிசூரியைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் பெற்ற கருவி அது. வில்லின் இரு நுனியிலும் அவர் கப்பி மாட்டினார். கிணற்று ராட்டினத்துக்கு அச்சு நடுவில் இருக்கும். இதில் அச்சு ஓரமாக இருக்கும். சூட்சுமம் அவ்வளவுதான். நாணை இழுக்க இழுக்கச் சக்கரம் சுழல்கிறது, பாதியில் பாரம் உச்சத்துக்குப் போகிறது, அதைத் தாண்டியதும் சட்டென்று இறங்கிவிடுகிறது. கப்பியில்லாத வில்லில் முழுக்க இழுத்த நிலையில்தான் பாரம் அதிகம். இதில் அந்த நிலையில்தான் குறைவு. 60 பவுண்டு வில்லில் 80 சதவீதம் இறங்கினால் கையில் நிற்பது 12 பவுண்டு. மான் மரத்துக்குப் பின்னாலிருந்து ஓர் அடி எடுத்து வைக்கும்வரை கை நடுங்காமல் காத்திருக்க முடிவது இதனால்தான்.

கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது வேகம். நொடிக்கு 330 அடி, 340 அடி என்பார்கள். அந்தக் கணக்கு 70 பவுண்டு பாரம், 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் அம்பு என்று வைத்து அளந்தது. நம் கைக்கு அந்த 30 அங்குலம் பெரும்பாலும் வராது. அதனால் வேகத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பேன். காசு போக வேண்டியது வேறு இடத்துக்கு.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இழுப்பு நீளம்; 'ட்ரா லெங்த்' என்று கேட்டால் கடையில் புரியும். தம்பியைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லி, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, நடுவிரல் நுனிகளில் பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். 68 அங்குலம். அதை இரண்டரையால் வகுத்தால் 27 அங்குலத்துக்குச் சற்று மேல். அவருக்கு 27 போதும். சந்தேகம் வந்தால் அரை அங்குலம் குறைவாக வைப்பதே நல்லது. இதை நான் வலித்துக் கற்றுக்கொண்டேன். என் முதல் வில் பழையது, மலிவாகக் கிடைத்தது, இழுப்பு 29 அங்குலம். விற்ற கடைக்காரர், "பழகிடும்" என்றார். பழகவில்லை. ஒவ்வோர் அம்புக்கும் நாண் இடது முன்கையின் உட்புறத்தை அறைந்துவிட்டுப் போகும். ஒரு வாரத்தில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கருநீலம். கை அடிக்குப் பயந்து, விடும் கணத்தில் தானாகவே விலக, அம்பு எங்கெங்கோ போனது.

அடுத்தது பாரம். பென்சில்வேனியாவில் சட்டப்படிக் குறைந்தது 35 பவுண்டு வேண்டும். 45, 50 இருந்தால் வெள்ளைவால் மானுக்குத் தாராளம். 70 இழுப்பது வீரம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வில்லைக் குறிக்கு நேராகப் பிடித்து, வானத்தைப் பார்க்கத் தூக்காமல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தூக்கினால்தான் இழுக்க வருகிறது என்றால் பாரம் அதிகம். காட்டில் மூன்று மணி நேரம் குளிரில் விறைத்து உட்கார்ந்த பிறகு, தடித்த சட்டைக்குள் இருந்துகொண்டு இதைச் செய்ய வேண்டும். அங்கே கையைத் தூக்கி ஆட்டினால் 20 கெஜத்தில் நிற்கும் மான் பார்த்துவிடும்.

புது வில் என்றால் குறிபார்க்கும் சைட், அம்பைத் தாங்கும் ரெஸ்ட், அம்புக்கூடு எல்லாம் மாட்டியே வரும் தொகுப்புகள் உண்டு. டயமண்ட் நிறுவனத்தின் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ, பேர் நிறுவனத்தின் க்ரூஸர் போன்றவற்றில் பாரத்தை 5 முதல் 70 பவுண்டு வரை மாற்றிக்கொள்ளலாம். இழுப்பு நீளத்தையும் அப்படியே. ஏறத்தாழ 400 டாலர் ஆகும். முதல் வில்லுக்கு இந்த வசதி பெரியது, ஏனென்றால் ஆறு மாதத்தில் தோள் பலப்பட்டுவிடும். பழைய வில் 200க்கும் கிடைக்கும். வாங்குவதாக இருந்தால் பையில் கொஞ்சம் பஞ்சு எடுத்துப் போங்கள். வில்லின் வளையும் பாகங்களான மேல் கையிலும் கீழ்க் கையிலும் விளிம்போரமாகப் பஞ்சை மெல்ல ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அந்த இடத்தில் பஞ்சின் இழை சிக்கி நிற்கும். சிக்கினால் விலை பேசவே வேண்டாம். நாண் பிசிறு பிசிறாக இருந்தால் மாற்ற 100 டாலருக்கு மேல் ஆகும், அதையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடுவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுதும் வில்லுக்குள் திரும்பி, வில்லின் கை உடைந்து தெறிக்கும்.

நாணை விரலால் பிடிப்பதில்லை. மணிக்கட்டில் கட்டும் ரிலீஸ் ஒன்று வேண்டும், 40, 50 டாலர். மீதியை அம்பிலும் முனையிலும் போடுங்கள். இந்த இடத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது, ஏனென்றால் மானைத் தொடுவது வில் அல்ல, முனைதான். அம்பு மானை அடித்து வீழ்த்துவதில்லை. நுரையீரலை அறுத்து, ரத்தம் போய், அது சாகிறது. முனை மழுங்கியிருந்தால் அந்த உயிர் மணிக்கணக்கில் அலைந்து சாகும். 50 பவுண்டு வில்லுக்கு, தைக்கும்போது விரியும் முனையைவிட விரியாத நிலைமுனையே ஏற்றது. விரிவதற்கே கொஞ்சம் விசை செலவாகிவிடும். முனை சவரக் கத்தி போல இருக்க வேண்டும். அம்புத் தண்டு வில்லின் பாரத்துக்கு ஏற்ற விறைப்பில் இருக்க வேண்டும். தண்டின் எண் குறையக் குறைய விறைப்பு கூடும்.  முனையோடு சேர்த்து ஓர் அம்பின் எடை 400 கிரெய்ன், அதாவது 26 கிராம் அளவில் இருந்தால் நன்று.

தம்பி செப்டம்பர் கடைசியில் என்னைப் பயிற்சி மைதானத்துக்கு அழைத்தார். 48 பவுண்டு வைத்திருந்தார். 20 கெஜத்தில் ஒரு காகிதத் தட்டு. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கும் இடம் ஏறத்தாழ அந்தத் தட்டளவுதான். பயிற்சி முனையில் ஆறு அம்பும் தட்டுக்குள். வேட்டை முனை மாட்டச் சொன்னேன். மூன்று அம்பும் நாலு விரற்கடை இடப்பக்கம் போய்க் குத்தின. முகம் வாடிவிட்டது அவருக்கு. "வில்லு கெட்டுப்போச்சா அண்ணே?" என்றார். அலன் கீயால் ரெஸ்ட்டை மயிரிழை அளவு வலப்பக்கம் நகர்த்திவிட்டு, இன்னொரு முறை எய்யச் சொன்னேன்.