வாகனக் கமரா: மங்கலான படம் சாட்சி சொல்லுமா?



1990 ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது குடும்பங்களிற் பல, இன்றும் ஒரு கால் புத்தளத்திலும் மறு கால் வன்னியிலுமாக வாழ்கின்றன. கல்யாணம், மையித்து, பெருநாள் என எதுவானாலும் வான் பிடித்து, அநுராதபுரம், வவுனியா, மாங்குளம் வழியாக முல்லைத்தீவுக்கு ஓட வேண்டியிருக்கிறது. பகல் வேலையை முடித்துவிட்டுப் புறப்படுவதால் பெரும்பாலும் இரவுப் பயணந்தான். இப்போது பல வான்களின் முன்கண்ணாடியில் ஒரு சிறு கமரா ஒட்டப்பட்டிருப்பதைக் காண்கிறோம். "ஏதாவது நடந்தால் அது சாட்சி சொல்லும்" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

சொல்லுமா? எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

ஓர் இரவு, இஷாவுக்குப் பின், ஒட்டுசுட்டானைத் தாண்டித் தண்ணீரூற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே வந்த டிப்பர் ஒன்று உரசி, வானின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டு நிற்காமலே போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் காயமில்லை. மறுநாள் காலை வீட்டார் அனைவரும் கமராப் பதிவைப் பார்க்கக் கூடினோம். இலக்கத் தகடு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல்தான் தெரிந்தது! மச்சானின் மகன் அந்தப் படத்தைத் தெளிவாக்கித் தரும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் இட்டார். அழகான இலக்கம் ஒன்று வந்தது. வேறொரு செயலியில் இட்டார். அதுவும் அழகான இலக்கந்தான். ஆனால் வேறோர் இலக்கம்!

முதலாவது இலக்கத்தோடு நிறுத்தி, அதைப் பொலிஸில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குற்றமே செய்யாத ஒருவரின் வீட்டு வாசலில் பொலிஸ் நின்றிருக்கும். எனவே இந்த விஷயத்தை நாம் சற்று விளங்கிக்கொள்வது அவசியம்.

படம் ஏன் கெடுகிறது?

கமராப் படத்துக்கு இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று, மணல் தூவியது போன்ற புள்ளிகள். வெளிச்சம் போதாதபோது கமரா தனக்குக் கிடைத்த சொற்ப ஒளியைப் பலமடங்கு பெருக்கிக் காட்டுகிறது. தூரத்து வானொலி நிலையத்தைப் பிடித்துச் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுகிறதல்லவா? அது போலத்தான் இதுவும்.

மற்றது மங்கல். இருட்டில் கமரா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. அது ஒரு வினாடியில் 30இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நமது வானும் எதிரே வருவதும் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், அந்தக் கண்ணிமைப்புக்குள் இரண்டுக்கும் இடையிலான தூரம் ஒரு மீற்றருக்கு மேல் குறைந்துவிடும். இலக்கத் தகடு இழுபடாமல் என்ன செய்யும்?

இதைவிட நமது தகடுகள் ஒளியைத் திருப்பியடிப்பவை. முன்புறம் வெள்ளை, பின்புறம் மஞ்சள். கிட்ட வரும்போது நமது விளக்கொளி பட்டு முழுவதும் வெள்ளையாகிவிடுகின்றன. கமராவின் ஒளி அளவை ஒரு படி குறைத்து வைத்தால் படம் சற்று இருண்டாலும் இலக்கம் தப்பிப் பிழைக்க வாய்ப்புண்டு.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

சகோதரிகளே! பரிகாரத்தின் பெரும்பகுதி கணினியில் இல்லை, ஒரு துண்டுத் துணியில் இருக்கிறது. வாகனம் ஆண்களின் பொறுப்பு என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளோடு அதில் ஏறுகிறவர்கள் நீங்கள்தான்.

வைகாசி முதல் புரட்டாதி வரை வன்னியில் வறட்சியும் காற்றும் புழுதியும். முன்கண்ணாடியை வெளியே மட்டும் துடைத்தால் போதாது. வெயிலில் சூடேறும் பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி உட்புறத்திலும் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். பகலில் அது கண்ணுக்குத் தெரியாது. இரவில் எதிர் விளக்குப் பட்டதும் பனிமூட்டம் போல் படத்தை மறைத்துவிடும். கமராவின் வில்லையை முந்தானையால் துடைக்க வேண்டாம், கீறல் விழும். முதலில் தூசியை ஊதிவிட்டு, மூக்குக் கண்ணாடி துடைக்கும் மென்துணியால் துடையுங்கள். புதுக் கமராவாயின் வில்லையின் மேலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்றும் பாருங்கள். உரிக்காமலே மாதக்கணக்கில் ஓடியவர்களும் உண்டு!

கமரா வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்த்துளிகள்தான் பதிவாகும். வாகனத்தின் முன்தட்டில் வைக்கும் வெளிர்நிறப் பொருட்கள் கண்ணாடியில் பிரதிபலிக்கும். முன்னே தொங்கவிடும் அலங்காரமும் தஸ்பீஹும் காட்சியை மறைக்கும், அகற்றிவிடுங்கள். மாங்குளம் - முல்லைத்தீவு வீதி மேற்கிலிருந்து கிழக்காகச் செல்வதால், காலையில் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். அவ்வேளைகளில் கண்ணாடியின் தூய்மை இன்னும் முக்கியம்.

நிறுத்திய வாகனத்தின் வெப்பத்தில் பசை இளகிக் கமரா கீழே சாய்ந்துவிடும். மாதம் ஒருமுறை பதிவைப் போட்டுப் பாருங்கள்; திகதியும் நேரமும் சரிதானா என்றும் கவனியுங்கள். 32 ஜிகாபைட் மெமரி கார்ட் சுமார் நான்கைந்து மணி நேரந்தான் கொள்ளும். பிறகு பழையதை அழித்துப் புதியதை எழுதும். ஆகவே ஏதும் நடந்தால் உடனே கமராவை நிறுத்திக் கார்டைக் கழற்றிவிட வேண்டும்.

பதிவான பின் எதைத் திருத்தலாம்?

முதலில் மூலப் பதிவைப் பிரதி எடுங்கள். திருத்தமெல்லாம் பிரதியில்தான். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு மேலும் மங்கும். ஆவணமாக அனுப்பினால் உள்ளபடியே போய்ச் சேரும்.

கணினியில் வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு படமாகப் பாருங்கள். ஒரு வினாடியில் 30 படங்கள் உண்டு. ஒன்றில் இல்லாத தெளிவு அடுத்ததில் இருக்கலாம். இருண்ட படத்தின் வெளிச்சத்தைக் கூட்டலாம். இரண்டு வாகனங்களும் அசையாமல் நின்ற காட்சியாயின், பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கலாம். புள்ளிகள் படத்துக்குப் படம் இடம் மாறுவன, தகடோ மாறாது. ஒன்பது படங்களை அடுக்கினால் புள்ளித் தொல்லை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். இவை நேர்மையான திருத்தங்கள். படத்தில் இருப்பதை வெளிக்கொணர்கின்றனவே தவிர, இல்லாததைச் சேர்ப்பதில்லை.

எங்கே நிறுத்த வேண்டும்?

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் கதை வேறு. அவை ஆயிரமாயிரம் படங்களைப் பார்த்துப் பழகியவை. மங்கலான இடத்தில் என்ன இருந்திருக்கக்கூடும் என ஊகித்துப் புதிதாக வரைகின்றன. 2020 இல் இத்தகைய கருவியொன்றில் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவின் மங்கலான படத்தை இட்டபோது, ஒரு வெள்ளைக்காரரின் முகம் தெளிவாக வந்தது! 2024 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில நீதிமன்றமொன்று, ஒரு கொலை வழக்கில் இவ்வாறு மெருகூட்டப்பட்ட வீடியோவைச் சான்றாக ஏற்க மறுத்தது.

நமது நாட்டிலும் 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, இத்தகைய பதிவுகள் நீதிமன்றில் ஏற்கப்பட இடமுண்டு. ஆனால் பதிவு மாற்றப்படவில்லை என்றோ, பத்திரமாகப் பேணப்பட்டது என்றோ காட்ட வேண்டும். மூலக் கார்டைக் காப்பாற்றுவது இதனாற்றான் முக்கியம்.

நாங்கள் அந்தக் கார்டை அப்படியே ஒப்படைத்தோம். "டிப்பர் என்பது தெரியும், இலக்கம் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தோம். அந்த டிப்பர் இன்றுவரை அகப்படவில்லை. ஆனால் நமது வான் தன் பக்கத்திலேயே சென்றது அந்த மங்கலான பதிவிலும் நன்றாகத் தெரிந்தது. காப்புறுதிக்கு அதுவே போதுமானதாயிற்று.

வீட்டில் பிள்ளைகள் இத்தகைய செயலிகளோடு வந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சாட்சியம் ஓர் அமானிதம். கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும். காணாததைக் காணவில்லை என்று சொல்ல வேண்டும். கமராவின் சாட்சியத்துக்கும் இதுவே விதி. உடைந்த கண்ணாடியை மூன்றாம் நாளே மாற்றிவிட்டோம். யாரோ ஓர் அப்பாவி மீது பழி போட்டிருந்தால், அதை எதைக்கொண்டு மாற்றுவது?