இங்கிலாந்து கடற்கரைக்கு வீக்எண்ட் ட்ரிப்பா? ரயில் டைமுக்கு முன்னாடி கடல் டைமைப் பாருங்க!

2016 ஆகஸ்ட் 24. இங்கிலாந்தில் வெயில் கொளுத்திய நாள். கிழக்கு சஸெக்ஸில் இருக்கும் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்கு லண்டனிலிருந்து போன நண்பர்களில் 5 இளைஞர்கள் கடலில் மூழ்கி இறந்தார்கள். ஐந்து பேருமே இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்டவர்கள். அன்று அந்தக் கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் பணியில் இல்லை. அதன் பிறகுதான் அமர்த்தப்பட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கேம்பர் பார்ப்பதற்குப் பயமுறுத்தும் கடற்கரையே இல்லை என்பதுதான். பாறை இல்லை, செங்குத்துச் சரிவு இல்லை. பரந்த, தட்டையான மணல். குடும்பத்தோடு போய் பந்து விளையாடுகிற இடம். அப்படி ஓர் இடத்தில் எப்படி இவ்வளவு பெரிய ஆபத்து?

சர்ஃபிங், கயாக்கிங், பாறை நடை என்று ரெண்டு மூணு நாள் சாகசப் பயணம் திட்டமிடுகிற எல்லோரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

கடல் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

எல்லாக் கடலும்தான் ஏறி இறங்குகிறது. மெரினாவில் அந்த வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர் என்பதால் நாம் கவனிப்பதில்லை. இங்கிலாந்தின் பல கடற்கரைகளில் அது பல மீட்டர். தென்மேற்கில் பிரிஸ்டல் கால்வாய்ப் பகுதியில் 14 மீட்டர் வரைகூடப் போகும். உலகிலேயே மிக அதிகமான ஏற்ற இறக்கம் உள்ள இடங்களில் அதுவும் ஒன்று.

ஓர் உச்ச ஏற்றத்துக்கும் அடுத்த உச்ச ஏற்றத்துக்கும் இடைவெளி சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். 'நேத்து இந்த நேரத்துல இங்க மணலா இருந்துச்சே' என்பது இன்றைக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் 6 மீட்டர் வித்தியாசம் உள்ள ஒரு கடற்கரையை எடுத்துக்கொள்வோம். மாலுமிகளின் தோராயக் கணக்குப்படி முதல் மணி நேரத்தில் அரை மீட்டர், இரண்டாவது மணியில் 1 மீட்டர், மூன்றாவதிலும் நான்காவதிலும் தலா ஒன்றரை மீட்டர், ஐந்தாவதில் 1 மீட்டர், கடைசியில் அரை மீட்டர். முதல் மணி நேரத்தைப் பார்த்து 'மெதுவாத்தானே வருது' என்று நினைப்பவரை மூன்றாவது மணி நேரம் மடக்கிவிடும்.

கேம்பர் மாதிரியான தட்டைக் கடற்கரையில் இது இன்னும் மோசம். உள்வாங்கிய கடல் திரும்பும்போது, மணல்திட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் பள்ளங்கள் முதலில் நிரம்பும். திட்டில் நிற்பவர் காலடியில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருக்கும். ஆனால் அவருக்கும் கரைக்கும் நடுவில் ஆள் மூழ்குகிற ஆழம் வந்திருக்கும்.

கோடையில்கூட தண்ணீர் குளிருமா?

ஆமாம். வெளியே 30 டிகிரி அடித்தாலும் கடல் அதோடு சேர்ந்து சூடாகாது. கோடையின் தொடக்கத்தில் பல இடங்களில் 15 டிகிரிக்கும் கீழேதான் இருக்கும். அந்தக் குளிரில் திடீரெனக் குதித்தால் உடல் அதிரும், மூச்சு தானாக இழுக்கும், இதயம் படபடக்கும். அந்த நொடியில் வாயில் தண்ணீர் போனால் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் சிக்கல்தான்.

கடல் நீர் ஓரளவு வெதுவெதுப்பாக இருப்பது ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும். செப்டம்பரில் பள்ளி விடுமுறைக் கூட்டமும் குறைந்துவிடும். தேதியை மாற்ற முடியுமென்றால் மாற்றுங்கள். சர்ஃபிங், கயாக்கிங்குக்கு உடல் சூட்டைக் காக்கும் வெட்சூட் அவசியம். பயிற்சிப் பள்ளிகளில் பெரும்பாலும் அதையும் சேர்த்தே தருவார்கள்.

சரி, எங்கே போகலாம்?

*ஒரே நாள் என்றால்: செவன் சிஸ்டர்ஸ்.* லண்டனிலிருந்து ரயிலில் சீஃபோர்ட் போய், வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றுகளின் மேலே நடந்து ஈஸ்ட்போர்னில் முடிக்கலாம். சுமார் 22 கி.மீ. நடுவில் கக்மியர் ஆறு குறுக்கிடும். அதன் முகத்துவாரத்தில் இறங்கிக் கடக்கப் பார்க்காமல், உள்ளே தள்ளி இருக்கும் எக்ஸீட் பாலம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். குன்றின் விளிம்பு அடிக்கடி சரியும் இடம் இது. செல்ஃபிக்காக ஓரத்துக்குப் போவதும், அடிவாரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதும் ஒரே அளவு ஆபத்து.

*இரண்டு நாள் என்றால்: லல்வொர்த், டர்டில் டோர்.* டோர்செட் கடற்கரையில் கடலுக்குள் நீளும் இயற்கைப் பாறை வளைவு இது. எக்ஸ்மவுத்திலிருந்து ஸ்டட்லேண்ட் வரை 95 மைல் நீளும் ஜுராசிக் கடற்கரையின் ஒரு பகுதி. 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து வூல் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து பஸ் அல்லது டாக்ஸி. கயாக்கிங்கும், பாறைகளில் ஏறி, நீந்தி, குதித்துப் போகும் கோஸ்டியரிங்கும் இங்கே பிரபலம். ஆனால் குதிப்பது வழிகாட்டியோடு மட்டும்தான். 2020 மே 30 அன்று டர்டில் டோர் வளைவின் மேலிருந்து குதித்த 3 பேர் பலத்த காயமடைந்தனர். லல்வொர்த்துக்குக் கிழக்கே ராணுவப் பயிற்சித் தளம் இருப்பதால், பயிற்சி நாட்களில் கடலோரப் பாதை மூடப்படும். வார இறுதிகளில் பெரும்பாலும் திறந்திருக்கும்.

*மூன்று, நான்கு நாள் என்றால்: கார்ன்வாலின் நியூகி.* இங்கிலாந்தில் சர்ஃபிங் என்றாலே முதலில் சொல்லப்படும் ஊர். பாடிங்டனில் இரவு ரயில் ஏறினால் காலையில் கார்ன்வால். பார் ஸ்டேஷனில் இறங்கி நியூகிக்கு மாற வேண்டும். இந்த இரவு ரயில் சனிக்கிழமை இரவு கிடையாது, அதை மறந்துவிடாதீர்கள். ஃபிஸ்ட்ரல் கடற்கரை அலைக்குப் பேர்போனது. முதல் முறை என்றால் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

*வடக்கே போக ஆசை என்றால்: ஹோலி ஐலண்ட்.* நார்தம்பர்லேண்டில் இருக்கும் இந்தத் தீவுக்குப் போகும் சாலையைக் கடல் தினமும் இரண்டு முறை மூடிவிடும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரத்தை உள்ளூர் கவுன்சில் வெளியிடுகிறது. அதைப் பார்த்தும் 'அஞ்சு நிமிஷம்தானே' என்று காரை விட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் ஏறி நிற்பதற்கென்றே சாலையோரம் உயரமான கூண்டு ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள்.

வழிகாட்டி நம்பகமானவரா, எப்படித் தெரிந்துகொள்வது?

1993 மார்ச்சில் லைம் பே பகுதியில் கயாக்கில் சென்ற 4 பள்ளி மாணவர்கள் இறந்தார்கள். அதன் விளைவாக 1995-ல் சட்டம் வந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குறிப்பிட்ட சாகசப் பயிற்சிகளைக் கட்டணம் வாங்கி நடத்த உரிமம் கட்டாயமானது. பெரியவர்கள் மட்டும் போகும் குழுவுக்கு அந்தப் பாதுகாப்பு வளையம் பொருந்தாது. அதனால் நீங்களே கேட்க வேண்டும்: பயிற்றுநரின் தகுதிச் சான்று என்ன, ஒருவருக்கு எத்தனை பேர், காப்பீடு உண்டா, வானிலை மோசமானால் பணம் திரும்ப வருமா? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் புக் செய்யாதீர்கள்.

கொடி சொல்வது என்ன?

- சிவப்பு–மஞ்சள்: உயிர்காப்பாளர் கண்காணிக்கும் பகுதி. இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள்.
- கறுப்பு–வெள்ளைக் கட்டம்: சர்ஃப் போர்டு, கயாக்குக்கான பகுதி. குளிக்கக் கூடாது.
- முழுச் சிவப்பு: தண்ணீரில் இறங்கவே கூடாது.
- ஆரஞ்சு காற்றுப்பை: கடலை நோக்கிக் காற்று வீசுகிறது. காற்றடைத்த மிதவைகள் வேண்டாம்.

கண்காணிப்பு பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை, காலை 10 முதல் மாலை 6 வரை. ஆனால் கடற்கரைக்குக் கடற்கரை மாறும். போகும் இடத்தில் ஆள் இருப்பாரா என்று முன்பே பாருங்கள். 1824 முதல் இயங்கும் ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு அமைப்பின் தளத்தில் இந்த விவரம் கிடைக்கும்.

கடல் இழுத்தால்?

எதிர்நீச்சல் போடாதீர்கள். மல்லாந்து, காதுகள் தண்ணீரில் இருக்கும்படி தலையைச் சாய்த்து மிதந்து, மூச்சு சீராகும் வரை காத்திருங்கள். கால் தரையைத் தொட்டால் நடந்து வாருங்கள். தொடவில்லை என்றால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகுங்கள். கையை உயர்த்திக் கத்துங்கள்.

கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. 999-ஐ அழைத்து 'கோஸ்ட்கார்டு' என்று கேட்க வேண்டும். மிதக்கக்கூடிய எதையாவது தூக்கிப் போடலாம்.

எந்த வரிசையில் திட்டமிடுவது?

முதலில் நாள். அந்த நாளின் கடல் ஏற்ற இறக்க நேரம். அதற்குப் பொருந்தும் நடை அல்லது பயிற்சி. பிறகு தங்குமிடம், கடைசியாக ரயில். முன்பதிவு டிக்கெட்டோடு 16–25 ரயில்கார்டு இருந்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 25 வயதைத் தாண்டிய முழுநேர மாணவர்களுக்கும் அது உண்டு. கூடாரத்தை நினைத்த இடத்தில் அடிக்க முடியாது, முகாம் தளத்தில் இடம் பிடித்துவிடுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை: சில அட்டவணைகள் கோடையிலும் ஜி.எம்.டி. நேரத்திலேயே இருக்கும். அப்போது ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் கடல் ஒன்றரை மீட்டர் ஏறிவிடலாம்.