நெல்லின் தரம்: பல்லா, அளவுகோலா?

அறுவடை முடிந்ததும் வியாபாரி களத்துக்கு வருகிறார். ஒரு மூடையில் கையை விட்டு நாலு நெல்லை எடுத்துப் பல்லாற் கடிக்கிறார். "ஈரம், மூடைக்கு இத்தனை கிலோ கழிவு" என்கிறார். அடுத்த களத்தில் அவரே வேறு கழிவு சொல்லக்கூடும். இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் விதைத்த எம்மவருக்குக் கடன் நெருக்குகிறது. மறுத்துப் பேச முடிவதில்லை. பேசுவதானால் எமது கையிலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

பல்லும் கண்ணும் ஆளுக்காள் வேறுபடும். எவர் செய்தாலும் ஒரே விடை தரும் முறையே நம்பத்தக்கது. அதனைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மாதிரி எடுத்தல்: மூடையின் மேற்பக்கம் காய்ந்தும் அடி ஈரமாகவும் இருக்கலாம். ஆகவே பல மூடைகளில் மேல், நடு, அடி என ஒவ்வொரு பிடி எடுத்துப் படங்கிற் கொட்டிக் கலவுங்கள். குவியலை நாலாகப் பிரித்து, எதிரெதிரான இரு பங்குகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதர்: அந்த மாதிரியில் 1 கிலோ நிறுத்துத் தூற்றுங்கள். பறந்த பதர் 40 கிராம் என்றால் நூற்றுக்கு 4.

ஈரம்: நன்கு காய்ந்த 750 மி.லீ. கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு நெல்லும், ஈரமில்லாத தூளுப்பு 20 முதல் 30 கிராமும் இட்டு மூடுங்கள். ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 15 நிமிடம் வையுங்கள். உப்பு போத்தலின் உட்புறத்தில் ஒட்டினால் ஈரம் நூற்றுக்கு 15இற்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழ். நெல் சந்தைப்படுத்தும் சபை எதிர்பார்ப்பது 14. எனவே உப்பு ஒட்டாத நெல்லையும் இன்னும் சற்று வெயிலிற் காயவிடுவது நன்று.

உப்பு சரியான தொகையைச் சொல்லாது. அதற்கு ஈரமானி தேவை. ஈரமானி 18 காட்டினால் கழிவு எவ்வளவு? 100 கிலோ நெல்லில் நீர் 18 கிலோ, மீதி 82 கிலோ. 14இற்குக் காய்ந்தபின் அந்த நெல் 95.3 கிலோ நிற்கும். குறைவது ஏறக்குறைய 4.7 கிலோ மாத்திரமே. ஈரத்துக்கென அதற்கு மேல் வெட்டினால் காரணம் கேளுங்கள். காயவைக்கும் கூலியைத் தனியாகப் பேசுங்கள்.

ஒருவர் மட்டும் அளந்தால் அது அவரது சொல். ஒரே தராசு, ஒரே முறை கொண்டு பத்துக் குடும்பங்கள் அளந்து ஒரே கொப்பியில் எழுதினால், யாருக்கு எவ்வளவு வெட்டப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த போகத்துக்கு முன் அக்கொப்பியைத் தொடங்குவோம்.