சீட்டில் இரண்டு மாத்திரை

நள்ளிரவில் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கைகால் வியர்த்து நடுங்குகிறது. மாரடைப்பு என்று பயந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறார்கள். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். 'கேஸ் டிரபிள்தான், போய்த் தூங்குங்க' என்று அனுப்பிவைக்கப்படுபவர்களில் பலருக்கு உண்மையில் வந்திருப்பது பதற்ற நோய். இதயத்தில் கோளாறு இல்லை என்பது நிம்மதிதான். ஆனால் நோயே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் தேசிய மனநல ஆய்வு நடந்தது. பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநலக் கோளாறு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்றது அது. மீதிப் பேரிலும் சிலர் மருத்துவரைப் பார்த்த பிறகு பாதியில் நழுவிவிடுகிறார்கள். எங்கே நழுவுகிறார்கள் என்பது மருந்துச்சீட்டைப் பார்த்தாலே புரியும்.

தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால், மருத்துவர் முதலில் அதைச் சோதிப்பார். பிறகு சீட்டில் பெரும்பாலும் இரண்டு மாத்திரைகள் இருக்கும்: காலையில் எஸ்சிட்டலோபிராம், இரவில் குளோனசெபாம்.

இரவு மாத்திரை வேகமானது. மூளை நரம்புகளின் துடிப்பைத் தணிக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலைக்கு வலுவூட்டி, ஒரு மணி நேரத்துக்குள் அமைதி தந்துவிடும். இந்த மருந்துக் குடும்பத்தின் முதல் மருந்து தற்செயலாகக் கிடைத்தது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ரோஷ் நிறுவனத்தில் வேலை பார்த்த லியோ ஸ்டெர்ன்பாக்கின் ஆய்வகத்தை 1957-ல் ஒழுங்குபடுத்தியபோது, தேறாது என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு சேர்மத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதுவே 1960-ல் லிப்ரியம் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1963-ல் வேலியம் வந்தது. தினமும் விழுங்கினால் சில வாரங்களிலேயே உடல் இவற்றுக்குப் பழகிவிடும் என்பது பின்னால்தான் உறைத்தது. பழகிய பின் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும்.

காலை மாத்திரை மெதுவானது. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை நரம்பு செல் திரும்ப உறிஞ்சாமல் சில மணி நேரத்திலேயே தடுத்துவிடுகிறது. ஆனாலும் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். செரட்டோனின் கூடுவதைத் தன் உணர்விகள் வழியே அறிந்த செல், முதலில் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. அந்த உணர்விகள் மெல்ல மழுங்கிய பிறகே மாற்றம் தெரிகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் முக்கியமான விளக்கங்களில் ஒன்று. இடைப்பட்ட முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் சற்றுக் கூடலாம்.

தவறு நடப்பது இங்கேதான். 'இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல' என்று காலை மாத்திரையை நிறுத்திவிட்டு, 'இதுதான் கேக்குது' என்று இரவு மாத்திரையை மாதக்கணக்கில் தொடர்கிறார்கள். நோயைக் கட்டுப்படுத்த வேண்டிய மருந்து போய்விடுகிறது, சில வாரங்களுக்கு மட்டும் தாங்கிப் பிடிக்க வந்த மருந்து தங்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்துத் தருவது இந்தியாவில் சகஜம். ஒன்றைத் தொடர்ந்துகொண்டு மற்றதை மட்டும் குறைப்பதற்கு அது வழிவிடுவதில்லை என்பது என் மனக்குறை.

நோயாளி மேல் மட்டும் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. 'முதல் வாரம் கொஞ்சம் கூடும், பயப்படாதீங்க, நிறுத்திடாதீங்க' என்று புறநோயாளிப் பிரிவில் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் பலர் நழுவியிருக்க மாட்டார்கள். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தோன்றினால் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும்.

இரவு மாத்திரையின் குடும்பத்தைச் சேர்ந்த அல்பிரசோலம், டயசெபாம் போன்றவை எச்1 என்ற மருந்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. வாங்குபவர் பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து, மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். பழைய சீட்டை நீட்டி மறுபடி மறுபடி வாங்குவதைத் தடுக்கத்தான் இந்தக் கெடுபிடி.

குணமான பிறகும் காலை மாத்திரையை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடரச் சொல்வார்கள். பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எனப்படும் பேச்சு சிகிச்சை பலருக்கு மாத்திரைக்கு இணையாகவே பலன் தருகிறது.

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளின் அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்துமா, கர்ப்பம், குடிப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். மருந்தின் தேர்வையே மாற்றும் விவரங்கள் இவை.