ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன்

"ஹஜ்ஜுக்குப் போவதென்றால் பணம் கட்டிவிட்டு விமானம் ஏறுவதுதானே?" என்று வகுப்பு நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். 2025-ஆம் ஆண்டு என் வாப்பா புறப்பட்டபோதுதான், அந்தப் பயணம் மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே பல மாதங்களுக்கு முன்பு தொடங்கிவிட்டதைக் கண்டேன்.

இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுள் ஹஜ்ஜும் ஒன்று. உடல் வலிவும் பொருள் வசதியும் உடையவர் வாழ்நாளில் ஒரு முறை இதனை நிறைவேற்ற வேண்டும். துல்ஹஜ் மாதம் 8-ஆம் நாள் மினாவில் தங்கி, 9-ஆம் நாள் அரபா வெளியில் நண்பகல் முதல் சூரியன் மறையும் வரை நின்று இறைஞ்சுகிறார்கள். அரபாவைத் தவறவிட்டவருக்கு ஹஜ்ஜே இல்லை. அன்றிரவு முஸ்தலிபாவில் திறந்த வானத்தின் கீழ்த் தங்குகிறார்கள். பிறகு கல்லெறிதல், குர்பானி, கஅபாவை ஏழு முறை சுற்றும் தவாபு ஆகியவை தொடர்கின்றன. ஸபா, மர்வா என்னும் இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடப்பதே மூன்று கிலோ மீட்டருக்கு மேல் ஆகிறது.

முற்காலத்தில் நம் நாட்டவர் பம்பாயிலிருந்து கப்பலேறி ஜித்தாவுக்குச் சென்றனர். 1995-உடன் அக்கப்பற் பயணம் நின்றது. இன்று தெலங்கானா யாத்திரிகர் நாம்பள்ளி ஹஜ் இல்லத்தில் கூடி, ஷம்ஷாபாதில் விமானம் ஏறுகின்றனர். நிஜாம்கள் காலத்தில் மக்காவில் ஏற்படுத்தப்பட்ட 'ருபாத்' என்னும் விடுதி, பழைய சமஸ்தானப் பகுதி யாத்திரிகர்களுக்கு வாடகையின்றி இடமளித்து வந்திருக்கிறது. ஹைதராபாதுக்கும் மக்காவுக்கும் அத்தனை பழைய உறவு.

இனி, விஞ்ஞான மாணவனாகிய என் கவனத்தைக் கவர்ந்த செய்தி ஒன்று. சந்திர ஆண்டுக்கு 354 நாட்களே. ஆதலால் ஹஜ் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2024-இல் அது ஜூன் நடுவில் வந்தது. மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது; 1,300-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதனினும் சூடாயிருந்தால், உடல் தன் சூட்டை வெளியேற்ற வியர்வை ஆவியாதல் ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அந்த நீரைத் திரும்ப ஊற்றாவிட்டால் உடல் தாங்காது. முதியோருக்குத் தாகம் தாமதமாகவே தெரியும். எனவே தாகத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். இஹ்ராம் அணிந்த ஆண் தலையை மூடலாகாது. ஆனால் குடை பிடிக்கலாம்.

வாப்பா இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டார். சுப்ஹு தொழுகை முடிந்ததும் தினமும் ஐந்து கிலோ மீட்டர் நடந்தார். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் போட்டுக்கொண்டார். தைக்காத வெள்ளைத் துணி இரண்டும் பெட்டிக்குள் போயின. ஆனாலும் அவர் முகத்தில் தெளிவில்லை.

ஹஜ்ஜுக்குப் போகுமுன் கடனைத் தீர்க்க வேண்டும், குடும்பச் செலவுக்கு வகை செய்ய வேண்டும், யாருக்கேனும் தீங்கிழைத்திருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது மார்க்கம் கூறும் ஒழுங்கு. இறைவனுக்குச் செய்த குறையை இறைவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த குறையை அம்மனிதனே மன்னிக்க வேண்டும். வாப்பாவின் குறிப்பேட்டில் ஒரு வரி மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது. கீழக்கரையில் உள்ள பூர்வீக வீட்டின் வாடகையில் பெரியவாப்பாவுக்குச் சேர வேண்டிய பங்கை அவர் எட்டு ஆண்டுகளாகக் கொடுக்கவில்லை. பேச்சும் நின்றிருந்தது.

"தபாலில் அனுப்பிவிடலாமே, வாப்பா?" என்றேன்.

"பணம் தபாலில் போகும். முகம் போகாது" என்று சொல்லி, அன்றிரவே ரயிலேறினார்.

பெரியவாப்பா நோட்டுக்களை எண்ணவேயில்லையாம். "அரபாவில் எனக்காகவும் ஒரு துஆ கேள், தம்பி" என்று மட்டும் சொன்னாராம். திரும்பி வந்த வாப்பா குறிப்பேட்டை எடுத்து அந்த வரியை அடித்தார். அதன் பிறகுதான் பெட்டியைப் பூட்டினார்.

நண்பருக்கு நான் சொன்ன விடை இதுவே: விமானம் ஏறுவது ஹஜ்ஜின் எளிய பகுதி.