எத்தனை லாரி வரும்? நாமே கணக்குப் போடலாம்



தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலையில் பள்ளிக்கரணையில் மத்திய அரசின் காற்றாலை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 1998-ல் ஆரம்பித்தது. நாட்டில் எங்கே எவ்வளவு காற்று அடிக்கிறது என்று அளந்து சொல்வது இவர்கள் வேலை. ஆனால் காற்றாலைகள் நிற்பது ஆரல்வாய்மொழி, கயத்தாறு, பல்லடம், உடுமலைப் பக்கம். "அப்ப நமக்கு என்ன?" என்று கேட்கலாம். அங்கே காற்றாலை கட்டும்போது ஊர்ச் சாலை படுகிற பாட்டுக்குப் போடுகிற கணக்குதான், நம்மூரில் குடோனோ அடுக்குமாடியோ வரும்போதும் உதவும்.

காற்றாலை இறக்கை 50, 60 மீட்டர் நீளம். நாலைந்து டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்தின மாதிரி. அது வரும்போது ஊரே வேடிக்கை பார்க்கும். ஆனால் சாலையை நிறைப்பது அது இல்லை. ஒரு காற்றாலைக்கு இறக்கை மூன்று, கோபுரத் துண்டுகள், மேலே வைக்கும் இயந்திரம் எல்லாம் சேர்த்து பத்துப் பன்னிரண்டு நீள வண்டிதான். அடித்தளத்தைப் பாருங்கள். பெரிய காற்றாலைக்கு 400 கன மீட்டர் கான்கிரீட் என்று வைத்துக்கொள்வோம். கலவை லாரி ஒன்று 6 கன மீட்டர் கொண்டுவரும். அப்போது 67 லாரி. வந்தது திரும்பிப் போகணுமே, ஆக 134 நடை. கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது, அதனால் இரவு பகலாக ஓடும். பத்துக் காற்றாலை என்றால் 1,340 நடை. ஜல்லி, கம்பி, மண் இதில் சேரவில்லை.

இப்போது நம்ம பக்கம் வருவோம். முடிச்சூர் போன்ற தாழ்வான இடங்களில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு மனையை உயர்த்தித்தான் கட்டப் பார்க்கிறார்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மூணு அடி சவுடு கொட்டினால் 1,30,680 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட், ஆக ஏறக்குறைய 1,307 யூனிட். 5 யூனிட் டிப்பர் என்றால் 261 லோடு. போக வர 522 நடை. மண் அமுங்கும், அதனால் இன்னும் கூடத்தான் ஆகும். பத்து நாளில் முடித்தால் ஒரு நாளைக்கு 52 நடை. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால், ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு லாரி நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற தெருவில் போகும்! குழு வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

எடையையும் பார்க்கணும். அமெரிக்காவில் 1950-களின் கடைசியில் சாலை போட்டு லாரி ஓட்டிச் சோதித்தார்கள். ஒரு அச்சில் எடை இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் இரண்டு மடங்கு இல்லை, சுமார் 16 மடங்கு என்று தெரிந்தது. அளவுக்கு மேல் ஏற்றி வரும் ஒரு லாரி செய்கிற வேலை நூறு ஆட்டோ ஓடினாலும் ஆகாது. அதனால்தான் போன வருஷம் போட்ட சாலை இந்த வருஷம் குழியாகிறது.

வேலை தொடங்கும் முன்பே இப்போதுள்ள போக்குவரத்தை எண்ணி வையுங்கள். பிறகு எண்ணினால் "முன்னாடியே இப்படித்தான் இருந்தது" என்பார்கள். டீக்கடை வாசலில் இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்து, காலை 6 முதல் இரவு 8 வரை மணிக்கு மணி கோடு போட்டால் போதும். லாரி, பஸ், டூவீலர், நடந்து போகிறவர்கள், தனித்தனியாக. ஒரு பள்ளி நாள், ஒரு சந்தை நாள். சாலையின் அகலத்தையும் டேப் வைத்து அளங்கள். இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் நடந்து போகிறவள் எங்கே ஒதுங்குவாள்? எங்கள் குழுவில் அளந்தபோது ஒரு இடத்தில் சாக்கடை ஓரம்தான் மிச்சம் என்று தெரிந்தது. தினம் அதே வழியில் போகிறோம், அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

சட்டம் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பெரிய திட்டங்கள் பலவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. காற்றாலை அந்தப் பட்டியலிலேயே இல்லை. பெரிய கட்டடங்களுக்கு அனுமதி வேண்டும், ஆனால் கருத்துக் கேட்பு கிடையாது. ஆக யாராவது வந்து நம்மைக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் சொல்லலாம். மாநகராட்சிப் பகுதிக்காரர்களுக்குப் பகுதி சபா இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டமும் உண்டு.

லாரியே வரக்கூடாது என்று எழுதாதீர்கள், அது நடக்காது. பள்ளி விடும் நேரத்தில் ஓட்டக்கூடாது, தார்ப்பாய் மூடணும், எந்த வழி என்று முன்கூட்டிச் சொல்லணும், வேலை முடிந்ததும் சாலையைச் சரி செய்து தரணும் என்று கேளுங்கள். எண்ணின தாளை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணையுங்கள். மனு கொடுத்த ரசீதைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள்.